காட்டுத் தீயும் கைங்கர்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தீயை அமுது செய்த திருவாய்

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் காட்டுத் தீ இருமுறை மூள்கிறது. காளியன் என்னும் நாகத்தின் செருக்கை அடக்கிக் கண்ணபிரான் யமுனை மடுவினின்று கரையேறிய நாளன்று இரவு, பசியாலும் தாகத்தாலும் களைத்திருந்த ஆயர்பாடி மக்கள் ஊர் திரும்ப மாட்டாமல் ஆற்றங்கரையிலேயே பசுக்களோடு கண்ணயர்ந்தனர். நடுநிசியில், கோடையால் உலர்ந்திருந்த காடு பற்றிக்கொண்டு அவர்களை நாற்புறமும் வளைத்தது. பதறி எழுந்தோர் கண்ணனையே சரணம் புகுந்தனர். எம்பெருமான் அத்தீயை அமுது செய்தருளினான்.

இரண்டாம் முறை தீ மூண்டபோது ஆயர் சிறுவர் விளையாட்டில் ஆழ்ந்திருந்தனர். மேய்ப்போர் கவனமின்றித் திரிந்த பசுக்கள் புல்லின் ஆசையால் அடர்ந்த காட்டினுள் புகுந்து, முஞ்சைப் புல் மண்டிய இடத்தில் வழி தப்பிக் கதறின. குளம்படிகளையும் கடிபட்ட புல்லையும் அடையாளமாகக் கொண்டு தேடிச் சென்ற சிறுவர், அவற்றைக் கண்டுபிடித்து ஓட்டி வருகையில் பெருந்தீ சூழ்ந்தது. காற்றே அத்தீக்குத் தேரோட்டியாக வந்தது என்று பாகவதம் வருணிக்கிறது. அஞ்சாமல் கண்களை மூடிக்கொள்ளுமாறு கண்ணன் பணித்தான். அவர்கள் மூடினர். மீண்டும் விழித்தபோது தீயும் இல்லை, அந்தக் காடும் இல்லை. முன்பு விளையாடிய பாண்டீர மரத்தடியிலேயே பசுக்களோடு நின்றிருந்தனர்.

இந்தச் சரித்திரத்தைக் கேட்கும் அடியார் உள்ளத்தில் எம்பெருமானுடைய ரக்ஷகத்வம் பளிச்சென விளங்கும். அதனோடு கூர்ந்து நோக்க வேண்டிய வேறொன்றும் இதில் உண்டு. பசுக்கள் காட்டினுள் தவறியது மேய்ப்போர் கவனம் பிசகிய வேளையில். இதனைப் பாகவதம் மறைக்கவில்லை. பிழை தெரிந்தவுடன் அச்சிறுவர் வாளா இருந்துவிடவும் இல்லை. அடிச்சுவடு பார்த்துத் தேடினர், கண்டுபிடித்தனர், மீட்டு ஓட்டி வந்தனர். தங்களால் இயன்றது யாவும் முடிந்த பின்னரே, அவர்களைக் கண்களை மூடிக்கொள்ளுமாறு கண்ணன் கூறினான். தீ மூளுமுன் மூடும் கண்களுக்கும், எல்லாம் செய்து ஓய்ந்து அவன் சொல்ல மூடும் கண்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொள்வது இக்காலத்து யாத்ரிகர்க்கு மிகவும் இன்றியமையாதது. ஏனெனில், திவ்யதேசங்கள் பலவற்றுக்குச் செல்லும் வழி காடுகளின் ஊடே செல்கிறது. அக்காடுகள் ஆண்டுதோறும் எரிகின்றன.

வதரிக்குச் செல்லும் வழி

வடநாட்டுத் திருப்பதிகளுள் கண்டமென்னும் கடிநகர், திருப்பிரிதி, திருவதரி ஆகிய மூன்றும் இன்றைய உத்தரகண்ட மாநிலத்தில் உள்ளன. பெரியாழ்வார் பாடிய கடிநகர், அலக்நந்தையும் பாகீரதியும் கலந்து கங்கை என்னும் திருநாமம் பெறுகின்ற தேவப்ரயாகையாகும். திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திருப்பிரிதியை ஜோஷிமட் என்று பெரியோர் கொள்வர். அதற்கும் மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில், பத்ரிநாராயணன் எழுந்தருளியுள்ளான். பனி உருகிச் சித்திரை வைகாசியில் அவனுடைய திருக்கதவம் திறக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான அடியார்கள் அப்பொழுது புறப்படுவர்.

அதே பருவத்தில்தான் அம்மலைகளில் காட்டுத் தீயும் மூள்கிறது. பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையுள்ள நான்கு மாதங்களைத் தீப்பருவம் என்று அம்மாநில வனத்துறை வகுத்திருக்கிறது. ஸந்நிதி பனி சூழ்ந்த சிகரங்களின் நடுவே இருந்தாலும், அதற்கு ஏறிச் செல்லும் பாதையின் கீழ்ப்பகுதி பல காதம் சீர் எனப்படும் ஊசியிலை மரக் காடுகளின் ஊடே செல்கிறது. பைன் இனத்தைச் சேர்ந்த அம்மரம் நெடிதுயர்ந்து வளரும், பிசின் நிறைந்தது. கோடையில் அதன் இலைகள் உதிர்ந்து தரையில் மெத்தைபோல் படியும். மலைமக்கள் அச்சருகைப் பிரூல் என்று அழைக்கின்றனர். அது எளிதில் மட்காது, நீரையும் தேக்காது, ஒரு சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். பிசின் எடுப்பதற்காக அடிமரத்தில் செதுக்கிய காயங்களும் தீக்கு வாயிலாகின்றன. எரிகின்ற பைன் காய்கள் சரிவில் உருண்டோடி, கீழே இன்னும் எரியாத சருகின்மேல் விழுந்து அங்கும் தீயை மூட்டும்.

மலையில் தீ மேல்நோக்கியே விரைந்து பாயும். சரிவின்மேல் சாய்ந்த ஜ்வாலை, தனக்கு மேலுள்ள புல்லையும் சருகையும் முன்னதாகவே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயறிஞர் கணக்கு. பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசும் காற்று, அந்த வேகத்திற்கு மேலும் வேகம் கூட்டும். காற்றைத் தீயின் தேரோட்டி என்று பாகவதம் கூறியது வெறும் அலங்காரமன்று என்பதை அம்மலைக் காவலர் ஒவ்வொருவரும் அறிவர்.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் உத்தரகண்டத்தில் 4,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் அடியில் தொங்கவிட்ட பெரிய வாளிகளில் பீம்தால் ஏரியின் நீரை மொண்டு சென்று காட்டின்மேல் சொரிந்தன. 2024 ஏப்ரலில் நைனிதாலைச் சூழ்ந்த காடுகள் எரிந்தபோதும் அதே ஏரி மீண்டும் உதவிற்று.

துறக்கப்பட்ட அக்னி

இத்தீயை மூட்டுபவர் யார்? மின்னலாலும் காடு பற்றுவதுண்டு. ஆயினும், அம்மலைகளில் மூளும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையினின்றே தோன்றுகிறது. வயல் வரப்பின் களையைக் கொளுத்துகையில் தப்பிய பொறி, வழியில் வீசிய பீடித்துண்டு, சமைத்துவிட்டு அணைக்காமல் சென்ற அடுப்பு, புதுப்புல் தழைக்கட்டும் என்று வேண்டுமென்றே இட்ட தீ எனக் காரணங்கள் பல. இவற்றுள் யாத்ரிகர்க்கு நேரே உரியது ஒன்றுண்டு. அதனை மஹாபாரதமே எடுத்துரைக்கிறது.

ஆச்ரமவாஸிக பர்வத்தில் திருதராஷ்டிரனும் காந்தாரியும் குந்திதேவியும் வனம் புகுந்து தவம் செய்கின்றனர். உடன் ஸஞ்ஜயனும் இருக்கிறான். கங்காத்வாரத்தை, அதாவது இன்றைய ஹரித்வாரத்தை அடுத்த காட்டில் ஒரு நாள் பெருங்காற்றோடு தீ எழுகிறது. விரதத்தால் மெலிந்த அம்மூவராலும் ஓட இயலவில்லை. ஸஞ்ஜயனைத் தப்பிச் செல்லுமாறு அரசன் ஏவுகிறான். மூவரும் கிழக்கு நோக்கி அமர்ந்து, புலன்களை அடக்கி, அத்தீயிலேயே உடலை நீத்தனர். ஸஞ்ஜயன் தப்பி இமயம் நோக்கிச் சென்றான்.

இச்செய்தியை நாரதர் வாயிலாகக் கேட்ட தருமபுத்ரர் கதறுகிறார். காண்டவ வனத்தை அளித்து அர்ஜுனன் மகிழ்வித்த அதே அக்னிதேவன், அவனுடைய அன்னையையே எரித்தானே என்று புலம்புகிறார். அப்பொழுது நாரதர் ஓர் உண்மையை வெளியிடுகிறார். அது எங்கிருந்தோ வந்த வீண் தீயன்று. திருதராஷ்டிரனுக்காக வேள்வி செய்த யாஜகர்கள், அது முடிந்ததும் அவனுடைய வேள்வித் தீயை ஆளற்ற காட்டில் விட்டுவிட்டுத் தம் வழியே சென்றனர். அத்தீயே வளர்ந்து காடாகப் பரவியது.

நாரதர் இதனைக் கூறியது தருமபுத்ரரைத் தேற்றுவதற்கு. அரசன் தன் வைதிக அக்னியிலேயே சேர்ந்தான், ஆதலால் நற்கதி பெற்றான் என்பது அவர் உட்கருத்து. ஆனால் அந்த ஆறுதலின் உள்ளே ஓர் எச்சரிக்கையும் உறைகிறது. மந்திரபூர்வமாக வளர்த்த புனித அக்னியேயாயினும், காவலின்றிக் காட்டில் விடப்பட்டால் அது காட்டுத் தீயாகிறது. மூட்டியவரின் நல்லெண்ணத்தைச் சருகு அறியாது. வழிபாட்டுத் தீ, சமையல் தீ என்ற வேறுபாட்டைக் காற்று பார்க்காது. வேள்வி செய்தோர் அன்று கெட்ட எண்ணம் ஏதும் கொண்டிருக்கவில்லை. தங்கள் கடமை முடிந்தது என்று எண்ணினர். அவ்வளவே. மூவர் உயிர் போயிற்று.

இதற்கு மாறான ஓர் உதாரணத்தை ஸ்ரீமத் ராமாயணம் காட்டுகிறது. இலங்கையை எரித்த பின் ஆஞ்ஜநேயர் செய்த முதற்காரியம், தம் வாலில் எரிந்த தீயைக் கடல்நீரில் அணைத்தது. அதன் பின்னும் அவர் உள்ளம் ஆறவில்லை. தாம் இட்ட தீ பிராட்டியை எரித்திருக்குமோ என்று நடுங்கினார். கோபத்தால் விளைவை எண்ணாமல் செய்தேனே என்று தம்மையே நொந்துகொண்டார். பிராட்டிக்குத் தீங்கில்லை என்ற சொல் வானில் செவிப்பட்ட பிறகே தேறினார். அப்படியும் அமையாமல், நேரில் மீண்டும் சென்று ஸேவித்த பின்னரே கடல் தாவினார். ராமகார்யமாக மூட்டிய தீக்கே அவ்வளவு கவலை கொண்ட அந்த மஹானுபாவர் வழியில், காட்டில் தீ மூட்டும் எவர்க்கும் ஒரு பாடம் இருக்கிறது.

தீயோடு பொருவோர்

தொலைவிலுள்ள காட்டில் எரியும் தீயை அணைப்பது எவ்வாறு என்பதை நகரத்தார் பலர் அறியார். அங்கே தீயணைப்பு வண்டி ஏறிச் செல்லச் சாலை இல்லை. குழாயில் நீர் இல்லை. தேஹராதூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், விண்கோள்களின் உதவியால் தீப்பிடித்த இடங்களைக் கண்டு வனத்துறைக்கு உடனுக்குடன் செய்தி அனுப்புகிறது. 375 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பூமியை நோக்கும் கருவிகள் இன்று விண்ணில் சுழல்கின்றன. ஆயினும், விண்கோள் காணலாம். அணைப்பதற்கு மனிதர் கால்நடையாகத்தான் ஏற வேண்டும்.

அவ்வாறு ஏறுவோர் வனவர், வனக்காப்பாளர், தீப்பருவத்திற்கென நாட்கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலர், அருகிலுள்ள ஊர்மக்கள் ஆகியோர். பச்சைத் தழைகளைக் கட்டாகக் கட்டி, அதனால் தீயின் விளிம்பை அடித்து அணைப்பது அவர்கள் முதல் உபாயம். தீயைக் கொன்றால் போதாது. அதன் உணவையும் நீக்க வேண்டும். ஆகவே வாருகோலாலும் மண்வெட்டியாலும் சருகை ஒதுக்கி, வெறும் மண் தெரியும்படி ஒரு கோடு இடுவர். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். சருகை ஊதித் தள்ளும் பொறிகளும் இப்பொழுது வந்துள்ளன. தீ பெரிதாயின், அக்கோட்டின் உட்புறத்திலிருந்து காவலரே அளவாக எதிர்த்தீ இட்டு, பெருந்தீ வருமுன் அதன் வழியிலுள்ள சருகை எரித்துவிடுவர். இரு தீயும் சந்தித்தால் உண்பதற்கு ஒன்றுமின்றி இரண்டும் அடங்கும். காற்றின் போக்கை நன்கறிந்தவரே இதனைச் செய்யலாம்; அறியாதவர் செய்யின் ஒரு தீ இரண்டாகும்.

தீ அடங்கிய பின்னும் அவர்கள் இறங்கி வருவதில்லை. அடிமரங்களில் கனல் ஒளிந்திருக்கும். வேரினுள் நெருப்பு ஊர்ந்துகொண்டிருக்கும். இரவெல்லாம் அங்கேயே காத்திருந்து, புகையும் கட்டைகளை மண்ணிட்டு மூடிக் கைவைத்துப் பார்த்துக் குளிர்ந்தது என்று அறிந்த பின்னரே திரும்புவர். மலைமேல் நீர் ஏது? தோளில் சுமந்து சென்ற குடிநீரே உண்டு.

இப்பணியின் விலை என்ன என்பதை 2024-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் காட்டிற்று. அல்மோரா மாவட்டத்தில் பின்ஸர் வனவிலங்குச் சரணாலயத்தில் மூண்ட தீயை அணைக்கச் சென்ற வனப்பணியாளர் குழுவைத் தீ சூழ்ந்தது. நால்வர் அங்கேயே மாண்டனர். கடுந்தீக்காயத்தோடு மருத்துவமனை சேர்ந்தவர்களிலும் பின்னர் உயிரிழப்பு நேர்ந்தது. அவர்கள் எரியும் காட்டை விட்டு ஓடியவர் அல்லர். அதனை நோக்கிச் சென்றவர். வதரி யாத்திரை நிகழ்கின்ற அதே வைகாசியின் இறுதியில், அம்மாநிலத்தின் வேறொரு மலையில் இது நிகழ்ந்தது. பாதையோரக் காடு பசுமையாக இருக்கக் கண்டு மகிழும் யாத்ரிகர், அப்பசுமையின் பின்னே இத்தகையோர் நிற்கின்றனர் என்பதை நினைத்தல் தகும்.

ஊரும் காடும்

மலையூர் மக்களைத் தீயிடுவோர் என்று எளிதாகப் பழித்தல் தருமமாகாது. அக்காடுகளே அவர்களுக்கு விறகும் தழையும் புல்லும் நீரும் தருபவை. 1911 முதல் 1917 வரை ஆங்கில அரசு குமாவூன் மலைக்காடுகளைப் பெரும்பரப்பில் தன் காவற்காடுகளாக்கி, மக்களின் பழைய உரிமைகளைச் சுருக்கிற்று. காடு தங்களுடையது அன்று என்று ஆனபின் மக்கள் அதனைக் காக்கவும் மறுத்தனர். 1921-இல் அங்கே பெருந்தீ எழுந்தது. அரசின் பைன் காடுகளைத் தங்கள் எதிர்ப்பின் அடையாளமாக மக்களே எரித்தனர். அதன் பின் அரசு அவர்கள் குறைகளைக் கேட்கக் குழு அமைத்தது. 1931-இல் ஊர்க்காடுகளை ஊராரே நிர்வகிக்கும் வன பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. இன்று உத்தரகண்டத்தில் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன. எவர்க்குக் காடு சொந்தமோ அவரே அதனைக் காப்பர் என்பது இவ்வரலாற்றின் ஸாரம்.

அல்மோராவை அடுத்த சீதலாகேத் பகுதிப் பெண்கள் இதற்கு ஒரு நல்ல சாட்சி. வரப்புகளில் வெட்டிய முட்செடிகளையும் களைகளையும் கொளுத்துவது அம்மலை உழவரின் பழைய வழக்கம். வெயில் கடுமையாகும்போது அவ்வாறு கொளுத்தினால் பொறி காட்டுக்குத் தாவும். ஆகவே, மார்ச் மாதம் முடியுமுன் அதனைச் செய்து முடித்துவிடுவது, அதன் பின் கோடை முழுதும் தீ மூட்டாதிருப்பது என்று அவ்வூர்கள் கட்டுப்பாடு செய்துகொண்டன. வழக்கத்தை ஒழிக்கவில்லை, காலத்தை மாற்றினர். காட்டில் தீ என்று கேட்டால் வனத்துறையார் வருமுன் அப்பெண்கள் தழைக்கட்டோடு ஓடிச்சென்று அணைக்கின்றனர். பாஞ்ச் எனப்படும் ஓக் மரங்களின் வேரடியில்தான் மழைநீர் தங்கிச் சுனையாக ஊறுகிறது, தீ மீண்டும் மீண்டும் வந்தால் பாஞ்ச் அழிந்து சீர் மரமே மிஞ்சும், சுனையும் வற்றும். குடம் சுமக்கும் பெண்கள் அதனை நன்கறிவர்.

தீ அணுகும் ஊரைக் காப்பதற்கும் முறை உண்டு. வீட்டையும் தொழுவத்தையும் சுற்றிச் சருகையும் விறகையும் முன்னதாகவே அகற்றிவிட வேண்டும். கூரையில் தங்கிய பைன் சருகைத் தள்ளிவிட வேண்டும். வைக்கோற்போர் வீட்டோடு ஒட்டியிருத்தல் ஆகாது. தீ நெருங்கினால் முதியோர், குழந்தைகள், நோயாளிகள் ஆகியோரை முதலில் வெளியேற்றுவர். மாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவர். ஜ்வாலையைவிடப் புகை முன்னே வரும்; மூச்சடைத்து மாள்வோரும் உண்டு. உதிர்ந்த பிரூலை மக்கள் திரட்டித் தந்தால் அரசு விலைகொடுத்து வாங்கும் திட்டமும் 2024-இல் உத்தரகண்டத்தில் அறிவிக்கப்பட்டது. தீக்கு உணவாகும் சருகு ஏழைக்கு உணவாகட்டும் என்பது அதன் நோக்கம்.

தென்னாட்டு மலைகளிலும்

இது வடநாட்டுச் செய்தி மட்டும் என்று எண்ணற்க. திருவேங்கடமுடையான் எழுந்தருளியுள்ள சேஷாசலக் காடுகள் 2014 மார்ச்சில் பல நாட்கள் எரிந்தன. அங்கும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் நீர் சொரிய நேர்ந்தது. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்று இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்வெளியில் தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தி கேட்டு மேலே விரைந்து, காயமுற்றவர்களைச் சுமந்து இறக்கியவர்களுள் அவ்வட்டாரத்து மக்களும் இருந்தனர்.

சரணாகதியும் ஜாக்ரதையும்

இவ்விடத்தில் ஒரு சங்கை எழலாம். காட்டுத் தீயை அமுது செய்தவன் எம்பெருமான். அவன் ரக்ஷிப்பான் என்றிருப்பவனே ப்ரபந்நன். தீத்தடுப்பு, காவல் என்று மனிதர் அலைவது அவன் ரக்ஷகத்வத்தில் ஐயம் கொண்டதாகாதோ?

ஆகாது என்பதற்குச் சரணாகதியின் அங்கங்களே ப்ரமாணம். அவை ஐந்து என்பர் ஆசார்யர்கள். எம்பெருமானுக்கு உகந்ததைச் செய்வேன் என்னும் ஆநுகூல்ய ஸங்கல்பம், உகவாததை விடுவேன் என்னும் ப்ராதிகூல்ய வர்ஜநம், காப்பான் என்னும் மஹாவிச்வாஸம், காக்க வேண்டும் என்று வரிக்கும் கோப்த்ருத்வ வரணம், வேறு கதியற்ற கார்ப்பண்யம் ஆகியன அவை. காப்பான் என்ற நம்பிக்கை இவற்றுள் ஒன்றே. ஏனையவற்றை விட்டு அதனை மாத்திரம் பற்றிக்கொள்வது சரணாகதியாகாது. அவிந்ததா என்று பாராமல் அடுப்பை விட்டுச் செல்பவன், எம்பெருமான் பார்த்துக்கொள்வான் என்று சொல்வானாகில், அது விச்வாஸமன்று, சோம்பல்.

பகவத் ராமாநுஜர் காட்டிய தரிசனத்தில் சேதநமும் அசேதநமும் ஆகிய யாவும் எம்பெருமானுக்குத் திருமேனி. அவன் அவற்றுக்கு உயிர். நிலம், நீர், தீ, காற்று ஆகிய ஒவ்வொன்றும் அவனுக்குச் சரீரம் என்று உபநிஷத்து ஓதுகிறது. அப்படியாயின் காடும் அவன் திருமேனியே. அதில் வாழும் மானும் மயிலும், கூட்டை விட்டுப் பறக்கத் தெரியாத குஞ்சுகளும் அவன் திருமேனியே. அக்னியும் அவன் சரீரமாதலால் தீ எவர்க்கும் பகையன்று. தளிகையறையிலும் திருவிளக்கிலும் ஹோமகுண்டத்திலும் அது தன்னிடத்தில் நிற்கிறது. தன்னிடம் தவறச் செய்வது மனிதனே. திருமேனிக்கு உபசாரம் செய்ய வந்தவன் திருமேனியைச் சுடுவது எவ்வளவு பெரிய அபசாரம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு நோக்கினால், தழைக்கட்டோடு மலையேறும் வனக்காவலனும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காட்டுக்கு ஓடும் பெண்ணும் தம்மையறியாமலே பெருங்கைங்கர்யம் செய்கின்றனர். திருவாராதனத்தில் திருவிளக்கேற்றுவது கைங்கர்யம். அவன் திருமேனியாகிய காட்டில் பரவும் தீயை அவிப்பதும் கைங்கர்யமே. அன்று முஞ்சைக் காட்டில் கண்ணன் தன் திருவாயால் செய்ததை இன்று அவர்களுடைய காய்த்த கைகளைக் கொண்டு செய்தருள்கிறான் என்று கொள்வதில் குற்றமில்லை.

யாத்ரிகர் கைக்கொள்ள வேண்டுவன

காட்டு வழியே திவ்யதேசம் ஸேவிக்கச் செல்வோர் செய்ய வேண்டுவன சிலவே. தீப்பருவத்தில் பாதையோரத்தில் அடுப்பு மூட்டாதிருத்தல் நலம். அனுமதிக்கப்பட்ட இடத்தில் சமைத்தால், முடிந்தபின் நீரூற்றிச் சாம்பலைக் கிளறி மீண்டும் நீரூற்றி, புறங்கை வைத்துச் சூடில்லை என்று அறிந்த பிறகே அவ்விடம் விட்டு நீங்க வேண்டும். காட்டுக் கோயில்களில் சருகின்மேலும் மரத்தடியிலும் கர்ப்பூரமோ அகலோ ஏற்றி வைத்துவிட்டுச் செல்லலாகாது. ஸந்நிதியில் ஏற்றுவதே அமையும். பீடி, சிகரெட் முதலியவற்றைக் காட்டுக்குள் கொண்டுசெல்லாதிருத்தல் உடலுக்கும் காட்டுக்கும் ஒருங்கே நன்று. வனத்துறையார் பாதையை அடைத்தால், இவ்வளவு தூரம் வந்தும் ஸேவை கிட்டவில்லையே என்று அவரோடு வாதிடாமல் காத்திருப்பதே முறை. தொலைவில் புகை கண்டால் 112 என்னும் எண்ணுக்கோ அருகிலுள்ள வனக்காவலர்க்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

ஒருகால் தீயிடையே அகப்பட நேர்ந்தால், மலையின் மேல்நோக்கி ஓடலாகாது. தீ மனிதனைவிட விரைந்து ஏறும். பக்கவாட்டில் விலகியோ, தீயில்லாத வழி பார்த்துக் கீழிறங்கியோ, பாறைவெளியையோ ஓடையையோ முன்னரே எரிந்து அவிந்த நிலத்தையோ அடைய வேண்டும். ஈரப் பருத்தித் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது புகையைச் சிறிதேனும் தடுக்கும். நைலான் முதலிய செயற்கை இழைத்துணி உடலில் உருகி ஒட்டிக்கொள்ளும்; காட்டுப் பயணத்திற்குப் பருத்தியே தகுந்தது.

இவை யாவும் சிறு செயல்கள். கங்காத்வாரத்துக் காட்டில் அன்று எவரேனும் ஒருவர் திரும்பி வந்து, அவ்வேள்வித் தீயின்மேல் ஒரு குடம் கங்கை நீரை ஊற்றியிருந்தால் போதும். அந்த ஒரு குடம் நீரை ஊற்றும் அடியாராக ஒவ்வொரு யாத்ரிகரும் விளங்குதல் வேண்டும். தீயிடையே பணிபுரிவோர் இல்லந்திரும்பும் வரையில் அவர்களுக்காகத் திருவாய்மலர்ந்து வேண்டுவதும் திருவிழாக் காண வந்தோர் கடன்.

தாவாக்னியை அமுது செய்து ஆயரைக் காத்த கோவிந்தன், மலைகளையும் மலையூர்களையும் அவற்றைக் காப்போரையும் தன் குளிர்ந்த திருக்கடாக்ஷத்தால் காத்தருள்வானாக. காடுகள் தழைக்க, சுனைகள் பெருக, அடியார் யாத்திரை இனிதே நிறைவேறுக.

சுபம்.